வெள்ளிக்கிழமை நகர்த்திய கட்டம்

என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊரிலிருந்து யாராவது கேட்டால், மருந்துக் கம்பெனியில் வேலை என்று சொல்லி முடித்துக்கொள்வேன். அது முழு உண்மை இல்லை. எங்கள் கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு மருந்துகூடக் கிடையாது. மருந்தைக் கண்டுபிடித்தவர்களிடம் அதைச் செய்ய இடம் இருப்பதில்லை. எங்களிடம் இடம் இருக்கிறது. லண்டனில் வால்தம்ஸ்டோவைத் தாண்டி, கிடங்குகளுக்கும் டைல்ஸ் கடைகளுக்கும் நடுவே ஜன்னல் குறைந்த சாம்பல் நிறக் கட்டடம். உள்ளே நான்கு அறைகள். தூசி, கிருமி எதுவும் நுழையாதபடி காற்றையே வடிகட்டி அனுப்பும் அறைகள். அவற்றை நாங்கள் மற்ற கம்பெனிகளுக்கு வாரக் கணக்கில் ஒதுக்கி, அவர்களுடைய மருந்தைச் செய்து கொடுக்கிறோம்.

அது மொத்தமாகக் காய்ச்சி அலமாரியில் அடுக்கும் மருந்து அல்ல. ரத்தப் புற்றுநோய் வந்த ஒருவரின் உடம்பிலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்து, ஒரு சின்னப் பையில் உறையவைத்து ஆஸ்பத்திரி எங்களுக்கு அனுப்பும். அந்த அணுக்கள் நோயை அடையாளம் கண்டு தாக்கும்படி நாங்கள் மாற்றி, பெருக்கி, திரும்பவும் உறையவைத்து அனுப்புவோம். ஒருவருடைய பை அவருக்கு மட்டும்தான். ஒரு அறையில் ஒரு நேரத்தில் ஒருவருடையதைத்தான் செய்யலாம், அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். நான்கு அறை என்றால் நான்கு பேர். ஐந்தாவது ஆள் காத்திருக்க வேண்டும்.

எந்த அறை யாருக்கு, எந்தத் தேதியில் என்று அட்டவணை போடுவது என் வேலை. கணினித் திரையில் ஒவ்வொருவரும் ஒரு கட்டம். எந்தக் கம்பெனியின் மருந்தோ அந்தக் கம்பெனியின் நிறம். கட்டத்துக்குள் பெயர் இருக்காது, இரண்டு எழுத்தும் ஐந்து எண்ணும்தான். நோயாளியின் பெயர் எங்களுக்குத் தெரியக்கூடாது என்பது சட்டம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

அது பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் மூன்றாவது அறையின் காற்றழுத்தம் விழுந்துவிட்டது. இன்ஜினியர்கள் வந்து பார்த்துவிட்டு, விசிறி மாற்ற வேண்டும், அதன் பிறகு அறையைத் திரும்பச் சோதிக்க வேண்டும், அதுவரை பூட்டு என்று சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை இரண்டு பேருக்கு வேலை தொடங்குவதாக இருந்தது. இரண்டாவது அறையில் ஒரு பெரிய கம்பெனியின் நோயாளி. மூன்றாவது அறையில், ஏழெட்டுப் பேர் மட்டுமே வேலை பார்க்கும் ஒரு சின்னக் கம்பெனியின் நோயாளி. மீதி இரண்டு அறைகளிலும் வேலை பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே இந்த இருவரில் ஒருவர் காத்திருக்க வேண்டும். அடுத்து இடம் கிடைப்பது அந்தத் திங்களுக்கு ஒன்பது நாள் கழித்து, புதன்கிழமை.

பெரிய கம்பெனி வருடம் முழுவதற்கும் அறைகளை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தது. அவர்கள் சம்மதம் இல்லாமல் அவர்களுடைய கட்டத்தைத் தொடக்கூடாது என்பது ஒப்பந்தம். என் மேலாளரிடம் போய்க் கேட்டேன். அவர் ஆங்கிலேயப் பெண்மணி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், சுற்றி வளைத்துப் பேசமாட்டார். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், ஆனால் விட்டுத் தருவார்களா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுப் பார் என்றார்.

அப்போது மணி மூன்று. போன் போட்டால் ஒரே பேச்சில் முடியாது என்று எனக்குத் தெரியும். அவர்கள் இன்னொருவரைக் கேட்பார்கள், அவர் வக்கீலைக் கேட்பார். மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆறு மணிக்குள் அழைத்துக்கொள்ள வேண்டும். வால்தம்ஸ்டோவிலிருந்து ஹரோவுக்கு விக்டோரியா லைன், பிறகு மெட்ரோபாலிட்டன் லைன், நடை எல்லாம் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம். கணவர் அந்த வாரம் வேலையாக வெளியூரில் இருந்தார். எப்படியும் முடியாது என்றுதான் சொல்வார்கள் என்று நானே அவர்களுக்காகப் பதில் சொல்லிக்கொண்டேன். நான் போன் போடவில்லை.

சின்னக் கம்பெனியின் கட்டத்தை மவுஸால் இழுத்து ஒன்பது நாள் தள்ளி வைத்தேன். அந்த மருந்துக்கு வேண்டிய முக்கியமான ஒரு பொருள் வேறு ஊரிலிருந்து உறைநிலையில் வர வேண்டும். அந்த வண்டியை வரவேண்டாம் என்று நிறுத்தினேன். ஆஸ்பத்திரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்.

கம்பெனி சின்னது என்பதால், ஆஸ்பத்திரியில் இதைக் கவனிக்கும் நர்ஸ் எங்களுடன் நேரடியாகப் பேசுவார். அயர்லாந்துக்காரர், குரல் மட்டும்தான் பழக்கம். மின்னஞ்சல் போய் ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டுவிட்டார். கோபப்படவில்லை. இந்த நோயாளிக்கு ஒன்பது நாள் என்பது அதிகம் என்றார். நான் அறை பழுதானதைச் சொன்னேன், ஒப்பந்தத்தைச் சொன்னேன். “வேறு வழியே இல்லையா?” என்று கேட்டார்.

“இல்லை” என்றேன்.

நாலேகால் மணி ரயிலைப் பிடித்துவிட்டேன். உட்கார இடம்கூடக் கிடைத்தது.

திங்கட்கிழமை இரண்டாவது அறைக்கு வரவேண்டிய பை வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை பெரிய கம்பெனியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. இரண்டாவது அறைக்கு வரவேண்டிய அவர்களுடைய நோயாளிக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது, வியாழக்கிழமையே ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் தள்ளிப் போட்டுவிட்டது, உங்களுக்குத் தெரிவிக்கத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும் என்று எழுதியிருந்தார்கள். மூன்று முறை படித்தேன். வியாழக்கிழமை. நான் வெள்ளிக்கிழமை கேட்டிருந்தால், எடுத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

உடனே அந்தப் பொருளை அனுப்பச் சொல்லிக் கிடங்கைக் கூப்பிட்டேன். அடுத்த வண்டி வெள்ளிக்கிழமைதான் என்றார்கள். அது வந்து சேர்ந்து, சரிபார்த்து, வேலை தொடங்கத் திங்கட்கிழமை ஆகும். ஒன்பது நாள் ஏழு நாளாகும், அவ்வளவுதான். இரண்டு நாளுக்காக ஆட்களின் ஷிப்ட் முழுவதையும் மாற்ற வேண்டாம் என்றார் மேலாளர். அந்த வாரம் முழுக்க இரண்டாவது அறை காலியாகக் கிடந்தது. விளக்கு எரிந்தது, காற்று ஓடியது, உள்ளே யாரும் இல்லை.

அறைக்குள் வேலை செய்பவர்களில் மன்னாரிலிருந்து வந்த ஒருவர் உண்டு. நாங்கள் இரண்டு பேர்தான் அங்கே தமிழ். நான் திருச்சிக்காரி என்றாலும் அவர் பேச்சைக் கேட்டுக் கேட்டு நானும் ‘அண்ணை’ என்றே கூப்பிடப் பழகிவிட்டேன். உறைநிலைத் தொட்டிகளும் அவர் பொறுப்பில்தான் இருந்தன. புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“தங்கச்சி, ரெண்டாவது ரூம் ஏன் சும்மா கிடக்குது? மூண்டாவது ரூம் ஆளை அதுக்குள்ள போட்டிருக்கலாமே?”

நான் நடந்ததைச் சொன்னேன். போன் போடாததையும் சொன்னேன். அதை அவரிடம் மட்டும்தான் சொன்னேன். அவர் தன் சோற்றுப் பெட்டியை மூடிவைத்துவிட்டு, “இனிச் செய்ய ஏலாது, என்ன?” என்றார். ஏலாது அண்ணை என்றேன்.

மறு திங்கட்கிழமை நர்ஸ் கூப்பிட்டார். புதன்கிழமை ஸ்லாட் இனித் தேவையில்லை, விடுவித்துவிடலாம் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்று மட்டும் சொன்னார். போனை வைத்த பிறகு நான் செய்ய வேண்டியது ஒரே ஒரு கிளிக். கட்டம் மறைந்தது. பத்து நிமிடத்தில் காத்திருப்போர் வரிசையிலிருந்து வேறொருவரின் எண் வேறொரு நிறத்தில் அங்கே வந்து உட்கார்ந்தது.

ஆனால் பை எங்களிடமே இருந்தது.

அதை நான் முதலில் யோசிக்கவே இல்லை. இரண்டு வாரம் கழித்து அண்ணை மாதாந்திரக் கணக்கெடுப்புத் தாளை என் மேசையில் வைத்து, ஒரு வரியில் விரலை ஊன்றினார். இரண்டு எழுத்து, ஐந்து எண்.

“இதை என்ன செய்யிறது?”

கம்பெனி எழுத்தில் சம்மதம் தராமல் எதுவும் செய்ய முடியாது என்றேன்.

“ஓம், தெரியும்.” அவர் போகவில்லை. “அது இன்னும் உயிரோடதான் கிடக்குது, தங்கச்சி. எடுத்துச் சூடாக்கினால் எழும்பும். ஆள்தான் இல்லை.”

அந்த வார்த்தையைத் தூக்கிக்கொண்டுதான் அன்று வீட்டுக்குப் போனேன். அதன்பின் பல மாதங்கள் அது என்னை விடவில்லை. வீட்டு ஃபிரீசரில் துருவிய தேங்காய்ப் பாக்கெட்டை எடுக்கக் கையை விட்டால் கை அப்படியே நிற்கும். அலுவலகத்தில் தொட்டி அறை என் இடத்திலிருந்து இரண்டு கதவு தள்ளி. தொட்டியில் நைட்ரஜன் நிரம்பும்போது ஒரு சீறல் கேட்கும். ஐந்து வருடமாகக் கேட்ட சத்தம்தான். இப்போது அது கேட்கும்போதெல்லாம் யாரோ மூச்சை இழுத்துப் பிடிப்பதுபோல் இருந்தது. மெட்ரோபாலிட்டன் லைனில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தைப் பார்ப்பேன். கறுப்புக் கோட்டுப் போட்ட பெண், காதில் பாட்டு மாட்டிய பையன், செய்தித்தாளை மடிமேல் மறந்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெரியவர். இறந்துபோனவர் இவர்களில் யாருடைய அண்ணனாகவும் இருக்கலாம், யாருடைய மனைவியாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது என்பதால் யாராகவும் இருக்கலாம்.

கணவரிடம் பாதிதான் சொன்னேன். நோயை நீயா கொடுத்தாய் என்றார். நியாயமான கேள்விதான். அதற்குப் பிறகு அவரிடம் அதைப் பற்றிப் பேசவில்லை.

மகளின் பிறந்தநாளுக்கு ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போனோம். அர்ச்சனைக்குத் தட்டை நீட்டினேன். குருக்கள் யாழ்ப்பாணத்துக்காரர். மகளின் பெயர், நட்சத்திரம் கேட்டுக்கொண்டு, “வேற ஆருக்கும் செய்ய வேணுமோ அம்மா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. அவர் பெயருக்காகக் காத்து நின்றார். என்னிடம் இரண்டு எழுத்தும் ஐந்து எண்ணும்தான் இருந்தன. பின்னால் வரிசை நின்றது. கணவர் என்னையே பார்த்தார்.

“சுவாமி பேருக்கே பண்ணிடுங்க” என்றேன்.

குருக்கள் தலையசைத்துவிட்டு உள்ளே போனார். அப்படிக் கேட்பவர்கள் நிறையப் பேர் போலிருக்கிறது.

ஜூலையில் சின்னக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. குடும்பத்தாரைக் கேட்டாகிவிட்டது, பையை அழித்துவிடச் சம்மதித்துவிட்டார்கள். எங்கள் விதிப்படி அழிப்பவர் ஒருவர், பார்த்துக் கையெழுத்திடுபவர் ஒருவர். பார்ப்பவர் யாராகவும் இருக்கலாம். நான் போகிறேன் என்றேன். மேலாளர் எதுவும் கேட்காமல் படிவத்தில் என் பெயரை எழுதினார்.

அண்ணை தடித்த நீலக் கையுறை போட்டுக்கொண்டு தொட்டியைத் திறந்தார். வெள்ளைப் புகை வழிந்து தரையில் பரவியது. தட்டை மேலே இழுத்து, உலோக உறையிலிருந்து பையை எடுத்தார். உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு. அதை மேசையில் வைத்து, லேபிளைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். அது நடைமுறை. எண்ணைப் படித்தேன். எண்ணுக்குக் கீழே, திரையில் எங்களுக்குக் காட்டாத ஒரு வரி இருந்தது. பிறந்த தேதி. ஆஸ்பத்திரியில் ஒட்டியது. அதையும் படித்தேன். என்னைவிட இரண்டு வயது இளையவர்.

பை இளகப் பத்து நிமிடம் ஆனது. செம்மண் கரைந்த தண்ணீரின் நிறம். கண்ணுக்கு அதற்குமேல் ஒன்றுமில்லை. கிருமிநாசினிப் பாத்திரத்தின் மேல் பையைப் பிடித்துக்கொண்டு அண்ணை ஒரு நொடி நின்றார். கையுறையை முகத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதால், காற்றில் மிகச் சிறியதாக ஒரு சிலுவை போட்டார். பிறகு வெட்டி ஊற்றினார். நிறம் மாறி வெளுத்தது. அரை மணி நேரம் அப்படியே விட வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு நாற்காலியில் அந்த அரை மணி நேரமும் உட்கார்ந்திருந்தோம். முடிந்ததும் நான் கையெழுத்துப் போட்டேன், நேரம் எழுதினேன்.

அதோடு விட்டுவிடும் என்று நினைத்தேன். விடவில்லை. தொட்டியில் இப்போது அந்தப் பை இல்லை என்று தெரிந்த பிறகும், சீறல் கேட்டால் வேலையை நிறுத்திவிட்டு அது அடங்கும்வரை காத்திருந்தேன். பை போய்விட்டது, ‘இல்லை’ என்று நான் சொன்னது போகவில்லை.

ஆகஸ்ட் மாத அட்டவணையைப் போடும்போது நான்காவது அறையில் ஒரு கட்டத்தைப் பழுப்பு நிறமாக்கி, ‘பராமரிப்பு’ என்று எழுதினேன். பராமரிப்பு எதுவும் இல்லை. யாருக்காவது அவசரம் என்றால் கொடுக்க ஒரு இடம் வேண்டும் என்று தோன்றியது. செப்டம்பரிலும் அதையே செய்தேன். தவறு என்று தெரியும். வெளியே ஆட்கள் வரிசையில் நிற்கும்போது ஒரு அறையை நானே பூட்டி வைத்தேன். அந்த வாரங்களில் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது.

செப்டம்பர் நடுவில் அந்த நர்ஸ் கூப்பிட்டார். நாங்களும் செய்துகொடுக்கும் வேறொரு சின்னக் கம்பெனியின் மருந்து, வேறொரு நோயாளி. மற்றோர் இடத்தில் செய்த மருந்து கெட்டுப்போய்விட்டது, மறுபடி செய்ய வேண்டும், எங்கேயும் இடமில்லை என்கிறார்கள், உங்களிடம் எப்போது கிடைக்கும் என்று கேட்டார். நான்கு நாளில் தொடங்கலாம் என்றேன்.

அவர் நம்பவில்லை. திரும்பவும் கேட்டார். திரும்பவும் சொன்னேன்.

“அன்றைக்கு எதுவுமே இல்லையே. இப்போது எப்படி?” குரலில் குத்தல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“அன்றைக்கும் இருந்தது” என்றேன்.

பிறகு நிறுத்த முடியவில்லை. இரண்டாவது அறை காலியாகக் கிடந்ததையும், வியாழக்கிழமைக் காய்ச்சலையும், ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்பதையும், மகளை அழைக்கப் போக வேண்டியிருந்ததையும், வேறு வழியில்லை என்று நான் சொன்னது யாரையும் கேட்காமல் சொன்னது என்பதையும் வரிசையாகச் சொன்னேன். ஆங்கிலத்தில் இவ்வளவு நேரம் ஒரே மூச்சில் நான் பேசியதில்லை. மறுமுனையில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

“சரியான நாளில் தொடங்கியிருந்தாலும் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது” என்றார். “பிழைத்திருக்க மாட்டார் என்று நான் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். என்னால் அதைச் சொல்ல முடியாது.”

எதிர்பார்க்கவில்லை என்றேன். எதிர்பார்த்தேன்தான்.

“குடும்பத்தினரிடம் இதை நான் சொல்லப்போவதில்லை. அது அவர்களுக்காக, உங்களுக்காக அல்ல.” காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. “நான்கு நாள் என்றீர்கள். திங்கட்கிழமையா?”

திங்கட்கிழமைதான் என்றேன். எண்ணைச் சொன்னார், எழுதிக்கொண்டேன். எழுத்து எழுத்தாகத் திருப்பிப் படித்துக் காட்டினேன். சரி என்று வைத்துவிட்டார்.

மேலாளர் அக்டோபரில் கண்டுபிடித்தார். கண்டுபிடிக்காமல் இருக்க முடியாது. பராமரிப்பு என்று நான் எழுதிய நாட்களில் இன்ஜினியர்களின் ஏட்டில் எந்த வேலையும் இல்லை. அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நான் எதையும் மறைக்கவில்லை, பிப்ரவரியிலிருந்தே தொடங்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

அவரை அதிரவைத்தது பழுப்புக் கட்டம் அல்ல. அந்த வெள்ளிக்கிழமை நான் பெரிய கம்பெனியைக் கேட்டேன், அவர்கள் மறுத்தார்கள் என்றே அவர் இத்தனை மாதமும் நினைத்துக்கொண்டிருந்தாராம். செவ்வாய்க்கிழமை அந்த மின்னஞ்சல் வந்தபோதுகூட, கேட்டபோது பொய் சொல்லியிருக்கிறார்கள் என்று அவர்கள்மேல்தான் கோபப்பட்டிருக்கிறார். கேட்டாயா என்று ஒரு வார்த்தை நான் உன்னைக் கேட்டிருக்க வேண்டும் என்றார். இல்லை, நான் சொல்லியிருக்க வேண்டும் என்றேன்.

எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார். இனி அட்டவணையில் இடத்தை ஒளித்துவைக்கக் கூடாது என்றார். ஒன்றைப் பூட்டி வைத்து அந்த மாதம் இன்னொருவரைப் பின்னால் தள்ளியிருக்கிறாய், அது யார் என்று பார்த்தாயா என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. அந்தக் கேள்வியும் இப்போது என்னோடு இருக்கிறது. வேலையை விட்டு எடுக்கவில்லை. நான் ஒன்று கேட்டேன், அதை ஒத்துக்கொண்டார். யாருடைய கட்டத்தை நகர்த்துவதாக இருந்தாலும், அதற்கு முன் மற்ற எல்லாக் கம்பெனிகளையும் போனில் கேட்க வேண்டும், கேட்ட நேரத்தையும் பேசியவரையும் எழுதி வைக்க வேண்டும். விதிமுறைப் புத்தகத்தில் ஒரு பக்கமாக அது சேர்ந்தது.

அந்தப் பக்கம் வந்த பிறகு ஆறு தடவை அப்படிக் கேட்டிருக்கிறேன். நான்கு தடவை முடியாது என்றார்கள். இரண்டு தடவை விட்டுக்கொடுத்தார்கள். ஒரு தடவை பேசி முடிக்க ஆறரை மணியாகிவிட்டது. மகளை அவளுடைய தோழியின் அம்மா அழைத்துப்போய் நூடுல்ஸ் கொடுத்து உட்காரவைத்திருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை, டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பரில் தொடங்கிய மருந்து நல்லபடியாக முடிந்தது. அண்ணைதான் கடைசியில் பையை உறையவைத்துப் பெட்டியில் ஏற்றினார். வண்டி போன பிறகு என் மேசைக்கு வந்து, “போயிட்டுது, தங்கச்சி” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு என்ன ஆனது என்று எங்களுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். எண் வெளியே போனதும் எங்கள் வேலை முடிந்தது. நர்ஸைக் கேட்டால் ஒருவேளை சொல்லக்கூடும். வாரத்துக்கு ஒரு தடவையாவது வேறு விஷயமாக அவரோடு பேசத்தான் செய்கிறேன். ஒவ்வொரு தடவையும் கேள்வி நாக்குவரை வரும். தேதியை உறுதிசெய்துவிட்டு வைத்துவிடுவேன்.